அப்பா செய்த கவுண்டர்

டில்லியில் பாராபுல்லா நாலா என்கிற பெரிய சாக்கடையின் ஓரத்தில் பிறந்து வளர்ந்து, இன்று நரேலாவின் மாடி வீடுகளில் மூட்டுவலியோடு உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்களுக்காக இதைச் சொல்கிறேன். போன வாரம் நம் பிளாக்குக்குக் கீழே ஒரு இளைஞன் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தான். செல்போனிலேயே கடன், ஆதார் எண் போதும், டீ குடித்து முடிப்பதற்குள் பணம் வந்துவிடும் என்றான். உங்களில் சிலர் வரிசையில் நின்றீர்கள். நான் அவனிடம் லைசென்ஸ் இருக்கிறதா, பின்னால் எந்த பேங்க் இருக்கிறது, ஆபீஸ் எங்கே என்று கேட்டதில் அவன் மேஜையை மடித்துக்கொண்டு போய்விட்டான். அதில் உங்களுக்கு என்மேல் வருத்தம். எனக்கு எதிலும் சந்தேகம் என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொன்னாள்.

சந்தேகம் என்னோடு பிறந்ததல்ல. அது ஒரு கோடைகாலத்தில் வந்தது. அந்தக் கோடை உங்களுக்கும் பாதி தெரியும். மீதி எங்கள் குடிசைக்குள், எங்கள் ஜுக்கிக்குள் நடந்தது. அதை அறிந்தவர்களில் மிச்சம் இருப்பது நானும் அம்மாவும்தான்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக நம் ஜுக்கிகள் இருந்த கேம்ப்புக்குப் பக்கத்தில் ஸ்டேடியம் எழும்பிக்கொண்டிருந்தது. லாரிகள் போகிற சத்தம் நின்றதே இல்லை. கொடியில் காயப்போட்ட துணியெல்லாம் சிமெண்ட் தூசி படிந்து விறைத்துப் போகும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பின்னல் நரைத்திருக்கும். ஒருத்தியை ஒருத்தி கிழவி என்று கேலி செய்துகொண்டு தட்டிவிடுவோம். ஆனால் அந்தத் தூசியில் காசு இருந்தது. அப்பா தச்சர். கான்கிரீட் போடுவதற்குப் பலகை அடைக்கிற வேலை அவருக்கு. நம் ஆண்கள் எல்லோருக்கும் ஏதாவது ஒரு வேலை அங்கே கிடைத்தது. சனிக்கிழமை சாயங்காலம் நம் சந்தில் எல்லா அடுப்பிலும் மீன் கொதிக்கும். நாலாவின் நாற்றத்தையே அந்த வாசனை அமுக்கிவிடும். கேம்ப்பில் கையில் காசு நின்ற கோடை என்று எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

எங்களோடு சித்தியும் இருந்தாள். அம்மாவின் தங்கை. கட்டிக்கொண்டவன் வேறொருத்தியோடு போய்விட்டதால் ஒரு தகரப் பெட்டியோடு ரயிலேறி டில்லிக்கு வந்தவள். எங்கள் ஜுக்கியின் ஒரு மூலையில் பழைய சேலையைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் படுத்துக்கொள்வாள். ஜங்புராவில் மூன்று கோத்திகளில் பாத்திரம் தேய்த்து, வீடு துடைத்தாள். பெரிய வீடுகளை நாம் கோத்தி என்றுதானே சொல்வோம். சித்தி சிரித்தால் சத்தமே வராது. தோள் மட்டும் குலுங்கும். சோடா உப்பில் ஊறி ஊறி அவள் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்து, சுருங்கியிருக்கும். அந்த விரல்களால் அவள் என் தலையில் பேன் பார்ப்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

சித்திக்கு ஆசை ஒன்றுதான். சந்தின் கடைசியில் வேப்பமரத்தை ஒட்டி ஒரு ஜுக்கி இருந்தது. அதன் சொந்தக்காரர் ஊருக்கே திரும்பிப் போகிற எண்ணத்தில் அதை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி என்னைக் கூட்டிக்கொண்டு போய் அதன் வாசலில் நிற்பாள். அடுப்பு இங்கே, பாத்திரப் பலகை அங்கே என்று கையால் காற்றில் காட்டுவாள். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வைக்கவேண்டும் என்பாள். வெளியே பூட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உள்ளே தாழ்ப்பாள் வேண்டும். எங்கள் ஜுக்கியில் அவள் சேலை மாற்றுவதற்கு அப்பா வெளியே போகிற நேரத்துக்காகக் காத்திருப்பாள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

அதற்கான பணத்தைச் சேர்க்க அவள் முதலில் பேங்குக்குத்தான் போனாள். இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும். ஏனென்றால் பின்னால் எல்லோரும், போலீஸ்காரர்கள் உட்பட, எங்கள் பெண்களைப் பேராசைக்காரிகள் என்றார்கள். சித்தி நல்ல சேலை கட்டி, தலையில் பூ வைத்து, இந்தி பேசத் துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். வாசலில் இருந்த காவலாளி, கூட்டிப் பெருக்க வந்தவள் என்று நினைத்துப் பின்பக்க வழியைக் காட்டினான். உள்ளே இருந்த குமாஸ்தா மரியாதையாகத்தான் பேசினார். ஏற்கனவே அங்கே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் தெரிந்தவள் என்று கையெழுத்துப் போடவேண்டும், விலாசத்துக்கு ஒரு சான்று வேண்டும் என்றார். ஜுக்கிக்கு ஏது விலாசம்? சித்தி தான் வேலை செய்கிற கோத்தியின் எஜமானி பீபீஜியிடம் கையெழுத்துக் கேட்டாள். அந்த அம்மாள் நல்லவர்தான். காய்ச்சல் என்றால் மாத்திரை கொடுப்பார், தீபாவளிக்குச் சேலை கொடுப்பார். கையெழுத்துக்கு மட்டும் யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர் யோசித்துக்கொண்டே இருந்தார்.

சேமிப்புக் கம்பெனி அப்படியெல்லாம் எதுவும் கேட்கவில்லை. அதுவே நம் வாசலுக்கு வந்தது.

கலெக்‌ஷன் மாமாவை உங்களுக்கு நினைவிருக்கும். கம்பெனிக்காகத் தினமும் காலையில் நம் சந்தில் காசு வசூலிக்க வந்தவர். பெரியவர்கள் தம்பி என்பார்கள், நாம் மாமா என்போம். ஒல்லியாக, சோடா பாட்டில் கண்ணாடி போட்டுக்கொண்டு, மணி அடிக்காத சைக்கிளில் வருவார். மணிக்குப் பதிலாக வாயாலேயே ‘ட்ரிங் ட்ரிங்’ என்பார். சேறாக இருந்தாலும் யார் ஜுக்கிக்குள் நுழைந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார். திண்டிவனம் பக்கம் என்று சொன்னார். நம் சந்தில் பாதிக்கு மேல் விழுப்புரத்துச் சனங்கள். அது போதுமானதாக இருந்தது. ஊர்ப் பேச்சு பேசுகிறவன் நம்மை ஏமாற்றமாட்டான் என்று நமக்கு ஒரு நினைப்பு.

தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால் மூன்று வருடத்தில் இரட்டிப்பாகத் திரும்பும். நடுவில் அவசரம் என்றால் கம்பெனியே கடன் கொடுக்கும். வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். அடமானமாக ரேஷன் கார்டைக் கொடுத்தால் போதும். பூக்காரக்கா அப்படித்தான் கொடுத்தாள். கோயில் வாசலில் மல்லிகை கட்டி விற்பாளே, அவள்தான். மகனுக்குக் காலில் ஆபரேஷன். ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் கையில் கிடைத்த அன்று அவள் கலெக்‌ஷன் மாமாவின் தலையைத் தொட்டு நெட்டி முறித்தது எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது.

ஆனாலும் முதலில் நம் சனங்கள் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தை உடைத்தவர் அப்பா.

கம்பெனி போகல் மார்க்கெட் சந்தில் ஒரு கடையை வாடகைக்கு எடுத்து ஆபீஸ் போட்டது. அதற்குத் தச்சு வேலை அப்பாவுக்குக் கிடைத்தது. ஸ்டேடியம் வேலை முடிந்த பிறகு சாயங்காலங்களில் போய்ச் செய்தார். ஒரு தடுப்பு, இரண்டு பெஞ்சு, முன்பக்கம் நீளமாக ஒரு கவுண்டர். கவுண்டருக்கு மேலே வெளிர்பச்சை சன்மைக்கா, அதில் வெள்ளைக் கோடுகள் மின்னல் மாதிரி ஓடும். அங்கிருந்த மேனேஜர் இந்திக்காரர். அப்பாவை ‘மிஸ்திரிஜி’ என்று கூப்பிட்டு, தான் குடிக்கிற மாதிரி கோப்பையில் டீ வரவழைத்துக் கொடுப்பாராம். இருபது வருட டில்லி வாழ்க்கையில் அப்பாவை யாரும் ‘ஜி’ போட்டுக் கூப்பிட்டதில்லை. வீட்டுக்கு வந்து அந்த டீயைப் பற்றி அம்மாவிடம் இரண்டு மூன்று தடவை சொன்னார். அன்றைக்கு எனக்கு அது சிரிப்பாக இருந்தது. அவரை வாங்குவதற்கு அந்த டீயே போதுமானதாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

குழாயடியில் ஆண்கள் கூடியிருந்தபோது அப்பா சொன்னார்: “நான் என் கையால செஞ்சிக் குடுத்துருக்கேன். கவுண்டரு, பார்ட்டிஷனு, எல்லாம் பக்கா. ஓடிப்போறவன் மரத்துக்கு இவ்ளோ செலவு பண்ணுவானா?”

அடுத்த நாளிலிருந்து சந்து முழுவதும் கட்டத் தொடங்கியது. அப்பா அன்று பொய் சொல்லவில்லை. அவர் உண்மையாகவே நம்பினார். மரத்தைப் பார்த்து மனிதனை எடைபோட்டார், அவ்வளவுதான்.

ஒருமுறை சித்தியோடு நானும் அந்த ஆபீசுக்குப் போனேன். கோத்தியில் கல்யாணம் நடந்து அவளுக்குக் கூடுதலாகக் கொஞ்சம் கிடைத்திருந்தது. அதை நேரில் கட்டப் போனோம். மின்விசிறிக்கு அடியில் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். பேங்குக் காவலாளி காட்டிய பின்வாசல் நினைவுக்கு வந்ததோ என்னவோ, சித்தி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். கவுண்டரின் ஒரு மூலையில் பிறைநிலா மாதிரி ஒரு கருகல் இருந்தது. ஆபீஸ் திறந்த அன்று கற்பூரத் தட்டைச் சூட்டோடு அங்கே வைத்துவிட்டார்களாம். சித்தி அதை விரலால் தடவி, உங்கப்பா பாடுபட்டுச் செய்ததை முதல் நாளே சுட்டுவிட்டார்கள் பார் என்று வருத்தப்பட்டாள்.

வைகாசி வெயில் உச்சத்தில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா ஒரு தள்ளுவண்டியில் பலகைகளைக் கொண்டுவந்து இறக்கினார். மேலே சாக்கு போட்டு மூடியிருந்தது. ஸ்டேடியத்தில் காண்ட்ராக்டர் வேண்டாம் என்று கழித்துக் கொடுத்தது என்றார். சித்தி வேலையிலிருந்து வருவதற்குள் சுவரோரமாக எனக்கும் என் தம்பிக்கும் படுக்க நீளமாக ஒரு பெஞ்சு அடித்துவிட்டார். பிறந்ததிலிருந்து தரையில் படுத்தவர்கள் நாங்கள். அன்று ராஜா ராணி மாதிரி அதன்மேல் ஏறிக் குதித்தோம். அப்பா அன்று ஆட்டுக்கறி வாங்கி வந்திருந்தார். அம்மா சமைத்தாள். ஆனால் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வாரம் நடந்த ஒன்றை நான் அப்போது பார்த்தேன், பொருள் தெரியவில்லை. கலெக்‌ஷன் மாமா வழக்கம்போல வந்தார். அம்மா சில்லறை இல்லை, நாளைக்குத் தருகிறேன் என்றாள். மறுநாளும் அப்படியே. கருவாட்டுக் குழம்பு இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போ தம்பி என்று மட்டும் வற்புறுத்தினாள். அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். சித்தி சேலைத் திரையை விலக்கிக்கொண்டு வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, தன் காசை அவர் கையில் எண்ணி வைத்தாள். தினமும் வைத்தாள். அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனி ஓடிவிட்டது என்ற செய்தியைக் கொண்டுவந்தவரே கலெக்‌ஷன் மாமாதான். அன்று காலை சைக்கிளை நம் சந்து முனையிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தார். ‘ட்ரிங் ட்ரிங்’ இல்லை. ஆபீஸ் பூட்டியிருக்கிறது, போர்டைக் காணவில்லை என்றார். செருப்போடு எங்கள் ஜுக்கிக்குள் வந்து நின்றார். எல்லோரும் போகலுக்கு ஓடினோம். ஷட்டர் இறக்கியிருந்தது. மேலே போர்டு இருந்த இடத்தில் ஆணி பிடுங்கிய ஓட்டைகள். என் தம்பி குப்புறப் படுத்து ஷட்டருக்கு அடியில் பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றுமே இல்லை, தரை மட்டும்தான் இருக்கிறது என்றான். பக்கத்துக் கடைக்காரர், ஒரு வாரமாக ரிப்பேர் என்று ஷட்டரைப் பாதி இறக்கி வாசலிலேயே காசு வாங்கினார்கள், இரண்டு நாளாகத் திறக்கவே இல்லை என்றார். வாடகையும் பாக்கியாம்.

போலீஸ் தாணாவுக்குப் போனோம். அங்கே இருந்தவர் இந்தியில் கேட்டார்: கம்பெனிக்குப் பதிவு உண்டா, பணம் வாங்க சர்க்கார் அனுமதி உண்டா, யார் உங்களைக் கொடுக்கச் சொன்னது? கேள்விகள் எல்லாம் நியாயமானவை. முதல் நாளே யாராவது கேட்டிருக்கவேண்டியவை. கொடுத்தவர்கள் நீங்கள், போய்த் தேடுங்கள் என்று சொல்லிவிட்டார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை. பூக்காரக்கா மட்டும் என் ரேஷன் கார்டு, என் ரேஷன் கார்டு என்று தமிழிலேயே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நெடுநாள் அவளுக்குச் சர்க்கரையும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. மகன் தாங்கித் தாங்கி நடந்து சுள்ளி பொறுக்கி வருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

திரும்பி வரும்போது யாரையாவது அடிக்கவேண்டும்போல எல்லோருக்கும் இருந்திருக்கும். மேனேஜர் அகப்படவில்லை. கலெக்‌ஷன் மாமா நம் கூடவே நடந்து வந்துகொண்டிருந்தார். என் அக்கா கல்யாணத்துக்கு வைத்திருந்ததையும் அதில்தான் போட்டேன், மூன்று மாதச் சம்பளமும் வரவில்லை என்று சொன்னார். யாரும் கேட்கவில்லை. குழாயடியில் முதல் அடி விழுந்தது. யார் அடித்தது என்று தெரியாது. பிறகு எல்லோரும். கண்ணாடி தெறித்துச் சாக்கடையில் விழுந்தது. அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். தடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் குனிந்து தன் செருப்பைக் கழற்றி, கலெக்‌ஷன் மாமாவின் முகத்திலேயே அடித்தார். “எங்கள நம்பவச்சிக் கழுத்தறுத்துட்டியேடா” என்றார்.

சித்திதான் குறுக்கே விழுந்து கலெக்‌ஷன் மாமாவை இழுத்து வெளியே கொண்டுவந்தாள். அவர் வாயில் ரத்தம். குடத்திலிருந்து தண்ணீர் சாய்த்து முகம் கழுவிவிட்டாள். அவனுக்கும் இவளுக்கும் என்ன என்று பின்னால் பேசினார்கள். கலெக்‌ஷன் மாமா கண்ணாடியில்லாமல் சுவரைத் தடவிக்கொண்டே சந்தைத் தாண்டிப் போனார். அதற்குப் பிறகு அவரை நாம் யாரும் பார்க்கவில்லை. சைக்கிளை ஆண்கள் விற்றுப் பங்கு போட்டுக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு வந்தது. அப்பா வாங்கிக்கொண்டார்.

மழை வந்தது. நாலா நிறைந்து, கறுப்புத் தண்ணீர் சந்துக்குள் ஏறியது. வருடா வருடம் நடக்கிறதுதான். அப்பா வேலைக்குப் போயிருந்தார், தம்பியை மேட்டில் இருந்த கோயிலில் விட்டிருந்தோம். பெஞ்சுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தி, அதன்மேல் பெட்டியையும் அரிசியையும் ஏற்றலாம் என்று சித்தி சொன்னாள். அம்மா வேண்டாம், அவர் வரட்டும் என்றாள். தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. சித்தி காத்திருக்கவில்லை. நானும் அவளும் சேர்ந்து ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினோம். கனம் தாங்காமல் கை நழுவ, பெஞ்சு புரண்டு, அதன் கால்கள் மேலே தெரியக் கவிழ்ந்தது.

அடிப்பக்கம் வெளிர்பச்சையாக இருந்தது. வெள்ளைக் கோடுகள் மின்னல் மாதிரி ஓடின. அம்மா அவசரமாக ஒரு சாக்கை எடுத்து அதன்மேல் போட வந்தாள். அதற்குள் சித்தி குனிந்து, ஈரக் கையால் அந்தக் கருகலைத் தொட்டுவிட்டாள்.

அவள் பெஞ்சை நிமிர்த்தவில்லை. தண்ணீரில் நின்றபடியே இருந்தாள். சாயங்காலம் அப்பா நனைந்துகொண்டு வந்து, கவிழ்ந்து கிடந்த பெஞ்சைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“கம்பெனி காலி பண்றது தெரிஞ்சிதான மாமா இத கழட்டிக்கினு வந்தீங்க?” என்று சித்தி கேட்டாள். அவள் அக்கா புருஷனை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

அப்பா முதலில் கோபப்பட்டுப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். தடுப்பையும் கவுண்டரையும் சத்தமில்லாமல் கழற்ற ஆள் வேண்டும் என்று மேனேஜர் கூப்பிட்டிருக்கிறார். அங்கே போன பிறகுதான் அப்பாவுக்கு விஷயம் புரிந்திருக்கிறது. கத்தப் பார்த்திருக்கிறார். மேனேஜர் டீ வரவழைத்துக் கொடுத்து, மிஸ்திரிஜி, உங்கள் பணத்தை இப்போதே தந்துவிடுகிறேன், மரமும் உங்களுக்கே, ஒரு வாரம் மட்டும் வாயைத் திறக்காதீர்கள் என்றிருக்கிறார். திறந்தால் யாருக்கும் எதுவும் கிடைக்காது.

சித்தி தன் பணத்தைப் பற்றிக் கேட்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். அப்பாவும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார். அவள் கேட்டது வேறு.

“போவட்டும். அந்தப் புள்ளய செருப்பால அடிச்சீங்களே. அது எதுக்கு மாமா?”

அப்பா நிமிர்ந்து பார்த்தார். சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். “எல்லாரும் அடிக்கிறப்ப நான் மட்டும் சும்மா நின்னா, என்னத்தான பாப்பாங்க?”

அப்போது அம்மா மூலையிலிருந்து பேசினாள். அவளுக்கு அப்பாவைக் காப்பாற்றவேண்டும் என்ற அவசரம். “ஒன் பணத்துக்கும் சேத்துதான் கேட்டாரு. ஒரு குடும்பத்துக்குத்தான் தருவேன்னு அந்த ஆளு சொல்லிட்டானாம். இவரு என்ன பண்ணுவாரு?”

சித்தி அதுவரை அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். “ஒனக்கும் தெரியுமாக்கா?”

அம்மா சாக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு வாரமும் தினமும் முந்தானையை அவிழ்த்துக் காசு கொடுத்தது சித்தியின் நினைவுக்கு வந்திருக்கவேண்டும். எனக்கும் வந்தது. குடும்பம் என்ற சொல்லுக்குள் சேலைத் திரைக்கு அந்தப் பக்கம் சேர்த்தியில்லை என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை தண்ணீர் வடிந்ததும் சித்தி தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். ஒரு கோத்தியில் வேலைக்காரர்களுக்கான அறை காலியாக இருந்தது. இருபத்துநாலு மணி நேர வேலைக்கு ஒத்துக்கொண்டு அங்கே போனாள். நான் அழுதேன். என்னைத் தூக்க முடியாத வயதிலும் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். அம்மாவிடம் சொன்னாள்: “நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். புள்ளைங்க இருக்குதுங்க.”

அவள் வாக்குத் தவறவில்லை. சொல்லியிருந்தால் நம் சந்து எங்கள் ஜுக்கியை அன்றைக்கே பிரித்துப் போட்டிருக்கும். கலெக்‌ஷன் மாமாவைத் தேடி அவர் தங்கியிருந்த அறைக்கு அவள் போய்ப் பார்த்தாள் என்று பிறகு தெரிந்தது. உன்மேல் தப்பில்லை என்றாவது சொல்ல நினைத்தாளாம். அறையைக் காலி செய்துவிட்டிருந்தார்.

அடுத்த வருடம் அப்பா வேப்பமரத்து ஜுக்கியை வாங்கினார். தம்பிக்கு என்று சொன்னார். எந்தப் பணம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடியவள் கேட்கும் தூரத்தில் இல்லை. அந்த ஜுக்கிக்கு இருந்த காகிதத்தை வைத்துத்தான், கேம்ப்பை இடித்தபோது, தம்பிக்கு இங்கே ஃப்ளாட் கிடைத்தது. பூக்காரக்கா மகனுக்குப் பழைய ரேஷன் கார்டு இல்லாததால் கிடைக்கவில்லை. அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

அப்பா செத்தபோது கேம்ப்பே திரண்டு வந்தது. நம்மோடு சேர்ந்து தானும் ஏமாந்தவர், ஆனாலும் ஒரு நாளும் புலம்பியதில்லை என்று ஒரு பெரியவர் சொன்னார். சித்தியும் வந்திருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

என்னை மட்டும் அவள் விடவில்லை. பள்ளிக்கூட பஸ் நிறுத்தத்தில் காத்திருந்து, உப்புக் காரம் தடவிய கொய்யாவை வாங்கித் தருவாள். என் கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்தாள். அம்மாவை எங்காவது பார்க்க நேர்ந்தால் பேசாமல் இருக்கமாட்டாள். பேசுவாள். ‘வாங்க, உக்காருங்க, நல்லா இருக்கீங்களா?’ என்பாள். வாக்கா, போக்கா என்று சண்டை போட்டு வளர்ந்தவள், கூடப்பிறந்தவளை ‘வாங்க’ என்று கூப்பிட்டாள். பார்க்கிறவர்கள் எவ்வளவு மரியாதை என்பார்கள். அம்மா வீட்டுக்கு வந்து படுத்துவிடுவாள். ஆஸ்பத்திரியில் கடைசிப் படுக்கையில் இருந்தபோதும் சித்தி அம்மாவிடம், “எதுக்கு இவ்ளோ தூரம் அலையிறீங்க” என்றுதான் கேட்டாள். வேப்பமரத்து ஜுக்கியில் அவள் ஒரு நாளும் கால் வைக்கவில்லை. கடைசிவரை மற்றவர்கள் வீட்டு அறைகளிலேயே இருந்தாள்.

அம்மா இப்போது தம்பி ஃப்ளாட்டில் இருக்கிறாள். கண் அநேகமாகத் தெரிவதில்லை. போன மாதம் தனியாக இருந்தபோது கேட்டுவிட்டேன். இத்தனை வருடம் கேட்காததை ஏன் அன்று கேட்டேன் என்று தெரியவில்லை. அந்த ஒரு வாரத்தில் சித்தியிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாமே, அவள் யாரிடமும் சொல்லாதவள் என்று உனக்குத் தெரியாதா என்றேன்.

அம்மா, “எனக்கு ரெண்டு புள்ளைங்க இருந்துதுங்க. அவ ஒண்டி ஆளு. அவளுக்கு யாரு இருந்தா, யாருக்குன்னு சேக்கணும்?” என்றாள்.

“நீ இருந்தியேம்மா” என்றேன்.

கீழே தள்ளுவண்டிக்காரன் காய் விற்றுக்கொண்டு போனான். வெகுநேரம் கழித்து, கையை நீட்டிக் கட்டில் விளிம்பைத் தடவி, நான் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேனா, எழுந்து போய்விட்டேனா என்று கேட்டாள்.

இருக்கிறேன் என்று சொன்னேன்.